நட்சத்திரம் போனவனின் வீட்டுக்காரி

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் உப்பு வைப்பதற்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“நீங்க கதையெல்லாம் எழுதறீங்களாமா? அதும் ராக்கெட்டு, வேற கிரகம்னு? ஏனுங்க, நம்மூருல இல்லாத கதையாங்க?”

வழக்கம்போலச் சிரித்துவைத்தேன். இந்தக் கேள்விக்கு என் கைவசம் மூன்று பதில்கள் இருக்கின்றன. படித்தவர்களுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் பாயசத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. மூன்றும் எனக்கே அலுத்துப்போய்விட்டன. வாரத்தில் ஆறு நாளும் கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் உட்கார்ந்து, மோட்டாரை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று விளக்கப் புத்தகம் எழுதுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேறு கிரகத்துக்குப் போகிறேன். அதற்கும் ஆளாளுக்குக் காரணம் கேட்கிறார்கள்.

நான்காவதாக ஒரு பதில் இருக்கிறது. அதுதான் உண்மையான பதில். ஆனால் அது ரசம் வருவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நடுவில் என் குரல் என்ன ஆகும் என்றும் தெரியாது. அதனால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் திருப்பூரில் இருந்தோம். ஊரே பனியன் தைத்துக்கொண்டிருந்த காலம். காலையில் எட்டு மணிக்குத் தெருவில் நின்றால், ஊரில் கைகால் நன்றாக இருக்கிற அத்தனை பேரும் தூக்குப்போசியோடு கம்பெனிக்குப் போவதைப் பார்க்கலாம். அப்பாவுக்குக் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூல்களைக் கத்தரித்துக் கத்தரித்து, அவள் கட்டைவிரலில் கத்தரிக்கோலின் வளையம் நிரந்தரமாகப் பதிந்துபோயிருந்தது. எட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் எங்களுடையது ஐந்தாவது. ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அதில் நான்கு பேர்.

நான்காவது ஆள் சித்தி, அம்மாவின் தங்கை. பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு ஒயர் கூடையோடு வந்தவள், இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தாள். சித்தப்பா திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வேலை. அந்த லாரிகள் வடக்கே கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று பூமியைத் துளைத்துக்கொண்டே போகும். ஆட்கள் ஊர் திரும்ப எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். புதுமாப்பிள்ளை என்று யாருக்கும் சலுகை கிடையாது. கல்யாணமான நாற்பதாம் நாள் சித்தப்பா லாரி ஏறினார். முதலில் நான்கைந்து கடிதங்கள் வந்தன. பிறகு லாரி வந்தது, அவர் வரவில்லை. ஏதோ ஒரு ஊரில் டீ குடிக்க இறங்கியவர் திரும்ப ஏறவில்லை என்றார்கள் லாரிக்காரர்கள். தேடினோம் என்றும் சொன்னார்கள். எவ்வளவு தேடினார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் என்னைக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் வராத நாட்களிலும் அனுப்புவார்கள்.

சித்தி சும்மா இருக்கவில்லை. வந்த இரண்டாவது மாதமே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீளமான மேசை, அதைச் சுற்றி ஒன்பது பெண்கள். ஒவ்வொரு பனியனாக விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடி, குறை கண்ட இடத்தில் ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை, வாயும் காதும் சும்மா இருக்கும். அதனால் அந்த மேசையில் எப்போதும் யாராவது ஒருத்தி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். பார்த்த சினிமா, நாத்தனார் சண்டை, பக்கத்து வீட்டில் ஓடிப்போன பெண் என்று முறை வைத்துக்கொண்டு சொல்வார்கள். சித்தியின் முறை வரும்போது அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவளிடம் இருந்த ஒரே கதை மற்ற எட்டுப் பேருக்கும் தெரிந்த கதை. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதனால் அவள் கதைக்கு என்னிடம் வந்தாள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கையில் அகப்படும் அச்சடித்த காகிதத்தை எல்லாம் படிப்பேன். சர்குலேஷன் அண்ணன் என்று ஒருவர் மொபெட்டில் வருவார். வாரப் பத்திரிகைகளை வீடு வீடாகக் கொடுத்து, மறுநாள் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பத்திரிகையின் அட்டை போயிருக்கும், குறுக்கெழுத்துப் புதிரை யாரோ தப்பும் தவறுமாக நிரப்பியிருப்பார்கள். அதைப் பற்றியெல்லாம் எனக்குக் கவலையில்லை. நடுப்பக்கத்தில் ஒரு விண்வெளித் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஐந்து பேர் ஒரு கப்பலில் ஏறித் தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் இந்த உலகத்தில் வேறெதுவும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் நான் அந்தக் கப்பலில்தான் இருந்தேன்.

சித்தி ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும், அதற்குள் பத்திரிகை போய்விடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் படித்துவைப்பேன். சித்தி வேலை முடிந்து வந்து அரிசி களையும்போது, ஒரு வாரக் கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். மறுநாள் அவள் அதை மேசையில் சொல்வாள். மாலையில் அவர்கள் கேட்ட கேள்விகளை எனக்குக் கொண்டுவருவாள்.

அந்தக் கேள்விகள்! நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கிறவர்கள் கதையை மட்டும் சும்மா விடுவார்களா?

“ஏனம்மணி, அங்க காத்தே இல்லைன்னு சொன்னயாம், அப்பறம் அடுப்பு எப்புடி எரியும்னு கேக்கறாங்க.”

“அத்தன வருசம் போறாங்களே, துணி எங்க காயப்போடுவாங்களாமா?”

“கப்பல்ல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கன்னயே, மாசத்துல மூணு நாளு அவங்க எங்க உக்காருவாங்கன்னு கேட்டாங்க கண்ணு.” இதைக் கேட்டுவிட்டுச் சித்தியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கப்பலில் நாற்காலிகள் நிறைய இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினேன். அது மேசையில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பாய்ச் சிரித்ததாம். பின்னாளில் என் கதைகளைப் பத்திரிகை ஆசிரியர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். அந்த எட்டுப் பேரைப்போல ஒருவரும் பார்த்ததில்லை.

சித்திக்கு மட்டும் வேறொரு கேள்வி இருந்தது. அந்தத் தொடர்கதையின் முதல் அத்தியாயத்தில், கப்பல் தலைவனின் மனைவி ஒரே ஒரு வரியில் வருவாள். அவன் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு கதை எழுதியவர் அவளை மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

“அவன் ஊட்டுக்காரி என்னத்தப் பண்றா இப்ப?” என்பாள் சித்தி.

“அவ கதையிலயே வரலைங்க சித்தி.”

“வராட்டி என்ன? இருப்பால்ல?”

எனக்கு எரிச்சலாக வரும். கப்பல் எரிகற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தவிக்கும் நேரத்தில், வீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப் பற்றி என்ன கேள்வி?

ஒரு வாரம் அந்தப் பெரிய விஷயம் வந்தது. மிக மிக வேகமாகப் போகிறவர்களுக்குக் காலம் மெதுவாக நகரும். கப்பலில் ஒரு வருடம் கழிந்தால் பூமியில் முப்பது வருடம் கழிந்திருக்கும். அதைப் படித்துவிட்டு எனக்கு அன்று முழுக்கத் தலை கிறுகிறுவென்று இருந்தது. சித்திக்கு எப்படிப் புரியவைப்பது என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அரிசியில் இருந்த கையை எடுக்காமல் கேட்டாள்:

“அப்ப அவனுக்கு நாள் போனதே தெரியாதா?”

“தெரியாதுங்க. போயி கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பான்.”

“வேணும்னு பண்றதில்ல?”

“வேணும்னு எப்புடிங்க பண்ணுவாங்க? வேகமாப் போனா அப்பிடித்தான் ஆகும். அது சயின்ஸ்.”

“பாவம்” என்றாள் சித்தி. வீட்டில் இருப்பவளைச் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அன்று சாப்பாட்டில் அவள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். அம்மா ஆச்சரியத்தோடு பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் சர்குலேஷன் அண்ணன் வரவில்லை. விசாரித்தால், அவரும் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாராம். கதை பாதியில் நின்றது. கப்பல் இன்னும் நட்சத்திரத்தை அடையவில்லை. சித்தி அரிசியோடு வந்து உட்கார்ந்து, “ம், சொல்லு” என்றாள். கதை நின்றுபோய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடன் படிக்கும் பெண்ணின் வீட்டில் அந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள், அங்கே போய்ப் படித்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு கப்பலை நானே ஓட்ட ஆரம்பித்தேன்.

நான்கு மாதம் ஓட்டினேன். மறுநாள் எட்டுப் பேரும் குறை பார்ப்பார்கள் என்ற பயத்திலேயே ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துக் கட்டினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடுப்பு எதில் எரிகிறது, யாருக்கு யார்மேல் கோபம் என்று பாட நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. ஒரே தொல்லை அந்த வீட்டுக்காரிதான். தினமும் சித்தி அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துவாள். நானும் தினமும் அவளை ஒதுக்கிவிட்டுக் கப்பலுக்குள் புகுந்துகொள்வேன்.

இதற்கிடையில் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து மாமா அடிக்கடி வர ஆரம்பித்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். குழாயடியில் நின்றபடியே நான் கேட்டதை வைத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கோயில் முன்னால் உட்காரவைத்து, இனி இந்த உறவு இல்லை என்று தீர்த்துவிட வேண்டும். கோபிசெட்டிபாளையத்தில் ஒருவர் இருக்கிறார். மனைவி தவறிவிட்டாள், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, வாழைத் தோட்டம். நல்ல மாதிரி. சித்தி சரி என்றால் முடித்துவிடலாம்.

சித்தி சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “ஆடி போகட்டுங்ண்ணா” என்றாள். ஆவணியில், “மழை வருதுங்ண்ணா” என்றாள். புரட்டாசியில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் அந்த மாதம் நிம்மதியாக இருந்தாள். ஐப்பசியில் மாமா வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

“அம்மிணி, அவங்க எத்தன நாளைக்குக் காத்திருப்பாங்க? வேற பக்கம் பாக்கறாங்க. வாற ஞாயித்துக்கெழம நான் வாரேன். ஒரு வார்த்த சொல்லிப்போடு. ஆமான்னாலும் செரி, இல்லைன்னாலும் செரி.”

அவர் போன பிறகு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தி என்னிடம் வந்து, “கப்பல் எங்க வந்திருக்குது?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். கத்தரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

“உன்ற கத எப்ப முடியுது?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? பத்திரிகைலதான வருது.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பத்திரிகைக்காரனே வந்து கேட்டாலும் உன்னையத்தான் கேக்கோணும். நாளைக்கு முடிச்சுப்போடு. அந்த ஊட்டுக்காரி வேற கண்ணாலம் பண்ணிக்கிட்டா, நல்லா இருக்கறான்னு சொல்லு.”

எனக்குத் திக்கென்றது, மாட்டிக்கொண்டோம் என்பதால் அல்ல. கதையில் கை வைக்கிறார்களே என்று. “அதெல்லாம் கதைக்கு ஒத்து வராதும்மா” என்றேன்.

“ஒத்து வரும். வாழத் தோட்டம்னு வேணும்னாலும் வெச்சுக்கோ.” பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். “எனக்கு முடியிலடி. தெனமும் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு இந்த ஊட்டுக்குள்ள இருக்க எனக்கு முடியில.”

அம்மா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் சரி என்றேன்.

சனிக்கிழமை மாலை சித்தி எனக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தாள். அம்மா எதிர்ச் சுவரோரம் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கதையை முடித்தேன். கப்பல் நட்சத்திரத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. இங்கே முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்த வீட்டுக்காரி வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பேரன் பேத்தி எல்லாம் இருக்கிறார்கள். வாழைத் தோட்டம் இருக்கிறது.

சீப்பு நின்றது. “வாழத் தோட்டமா?”

“ஆமாங்க.”

சித்தி சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்டது. சீப்பு மறுபடி நகர்ந்தது.

“அவன் வந்து பாத்தானா?”

“பாத்தானுங்க. அவளுக்கு முடியெல்லாம் நரைச்சுப்போச்சு. அவன் போனப்ப இருந்த மாதிரியே இருந்தான்.”

“என்ன சொன்னான்?”

இதை நான் யோசித்துவைக்கவில்லை. அம்மா சொன்னதிலும் இது இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எங்கிருந்தோ வந்தது. “அவனுக்கு அவள அடையாளம் தெரியலைங்க. பாட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகோணும்னு கேட்டான்.”

சொல்லிவிட்டு எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு நல்ல முடிவு! இத்தனை வருடம் எழுதியும் அதைவிட நல்ல முடிவை நான் எழுதியதில்லை. எழுதுகிறவளுக்குக் கிடைக்கிற சந்தோஷம் எவ்வளவு கேவலமான சந்தோஷமாகவும் இருக்க முடியும் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பின்னலை முடித்துக்கொண்டே சித்தி கேட்டாள். “அவ வழி சொன்னாளா?”

“சொன்னாளுங்க.”

சித்தி ரிப்பனை வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். என்னை வழக்கம்போலக் குழாயடிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது எல்லோர் முகமும் தெளிந்திருந்தது. சித்தி, “செரிங்ண்ணா” என்று சொல்லிவிட்டாளாம். அம்மா எனக்கு மட்டும் தனியாக இரண்டு மைசூர்பாகு எடுத்துக் கொடுத்தாள். என் கதைதான் சித்திக்குக் கல்யாணம் பண்ணிவைத்தது என்ற எண்ணத்தோடு இரண்டையும் தின்றேன்.

பெரியவர்கள் பழைய உறவைப் பேசித் தீர்த்துவிட்ட பிறகு, சொந்தக்காரர்களுக்குள்ளேயே, சென்னிமலையில் முருகன் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்துக் கீழே வந்து, மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்தில் சாப்பாடு. சித்தியின் மேசைக்காரர்களும் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். அத்தனை மாதம் கேள்விகளாக மட்டுமே எனக்குத் தெரிந்தவர்களை அன்றுதான் முகமாகப் பார்த்தேன். அவர்களில் வயதில் மூத்தவர், குட்டையாக, காதில் பெரிய தோடு போட்டவர், என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார்.

“நீதானா அந்தப் புள்ள? உன்ற கதைய உங்க சித்தி முடிச்ச அன்னிக்கு, மேசைல ஒருத்தியும் வேல செய்யலியே. அத்தன பேரும் அழுதுபோட்டோம் போ.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டானே, அதுக்குங்களா?” என்றேன்.

“எந்த பஸ் ஸ்டாண்டு? அவ சோறு வடிச்சிக்கிட்டு இருக்கறா, அவன் வந்து வாசப்படில நிக்கறானே, அதச் சொல்றேன். அவன் அத்தன நச்சத்தரமும் சுத்திப்போட்டு, கெழவனா வந்து நிக்கறானாம். இங்க சோறே இன்னும் வடிஞ்சு முடியிலியாம். அவன் போனதே அவளுக்குத் தெரியிலியாம் கண்ணு. இப்பத்தான போனீங்க, அதுக்குள்ள வந்துட்டீங்களான்னு கேக்கறாளாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கதையை மாற்றிவிட்டாள் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, அது தப்பு. வேகமாகப் போகிறவனுக்குத்தான் காலம் சுருங்கும். அடுப்படியில் இருக்கிறவளுக்கு எப்படிச் சுருங்கும்? எட்டுப் பேர் குறை பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லையா? கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்ட மறுநாள், திங்கட்கிழமை காலையில், நான்கு மாதம் நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய கப்பலைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, கல்யாணப் புடவையில் ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருக்கிறாள்! பந்தியில் சித்தி தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் போகவில்லை.

லாரி ஏறிப் போன சித்தப்பா கடைசிவரை வரவில்லை. இது கதையாக இருந்தால் நான் அவரை ஏதாவது ஒரு நாள் வரவழைத்திருப்பேன். சித்திக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கோபியில்தான் இருக்கிறாள். அந்த நான்கு வயதுப் பெண்ணை இவள்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். நான் புத்தகம் போட்டால் ஒரு பிரதி அனுப்புவேன். கவர் பிரிக்காமல் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று அம்மா சொல்வாள். வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே என்று பேசிக்கொள்கிறோம். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் போகிறேன். கேட்க எனக்குத் தெம்பு வருவதில்லை.

அன்று மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பத் தயாராக இருந்தது. வேனில் மஞ்சள் பை, பித்தளைக் குடம், அந்தப் பழைய ஒயர் கூடை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சின்னப் பெண் ஒன்று சித்தியின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. சித்தி சுற்றிலும் யாரையோ தேடினாள். நான் எங்கள் வேனின் முன்சீட்டில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“எறங்கி வாடி. சித்தி கெளம்பறா. அடுத்த கத எப்ப ஆரம்பிப்பான்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னா.”

“சொல்லவே மாட்டேன்னு போய்ச் சொல்லுங்க,” என்றேன். “அவங்களுக்குச் சொன்னா தப்புத் தப்பா மாத்திப்போடுவாங்க.”

அம்மா திரும்பிப் போய்ச் சித்தியின் காதருகே குனிந்து அதைச் சொன்னாள். சித்தி எங்கள் வேனைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு முந்தானையை எடுத்து இருவருமே கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். என்னைக் கேலி செய்வது போதாதென்று, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கா சிரிப்பார்கள் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.